சித்தி தின்ற மாட்டுத் தீனி

எங்கள் வீட்டில் சித்தி அப்பாவோடு பேச மாட்டாள். சண்டையெல்லாம் ஒன்றுமில்லை. தம்பி பெண்சாதி புருஷனுடைய அண்ணன் எதிரே வந்து நிற்கக் கூடாது, வாய் திறக்கக் கூடாது, அவ்வளவுதான். ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேசாமல் எப்படி முடியும்? அதற்குத்தான் நான் இருந்தேன். சித்தி கதவுக்குப் பின்னால் நின்று, "தாயி, வெளக்கெண்ணெய் தீந்துபோச்சுன்னு ஒங்கப்பாகிட்டச் சொல்லு" என்பாள். இரண்டடி தள்ளி நிற்கும் அப்பாவுக்கு அது நன்றாகவே காதில் விழும். இருந்தாலும் நான் வந்து சொல்லி முடிக்கிற வரைக்கும் முகத்தை எங்கோ திருப்பிக்கொண்டு காத்திருப்பார். அப்புறம், "நாளைக்கு வாங்கியாரேன்னு சொல்லு" என்பார். அதையும் நான்தான் கதவுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். எனக்கு அதில் பெருமை தாங்காது.

அது யுத்த காலம். சித்தப்பா பட்டாளத்தில் இருந்தார். துப்பாக்கி பிடிக்கிறார் என்று நான் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். அவர் பிடித்ததோ கோவேறு கழுதைகளின் கயிற்றை. அந்த வருஷம் சித்திரையில் லீவில் வந்தவர், ஆனியில் திரும்பிப் போவதற்கு முன்னால், துண்டில் முடிந்து கொண்டுவந்திருந்த மஞ்சள் விதைகளை எடுத்தார். கொல்லையில் பெண்கள் குளிக்கிற கல்லை ஒட்டி, தண்ணீர் ஓடுகிற வாக்கில் வரிசையாக ஊன்றினார்.

"என்னடா அது?" என்று அப்பா கேட்டார்.

"மக்காச்சோளம்ணே. எங்க கழுதைகளுக்குப் போடுறது. மனுசன் வாயில வைக்க மாட்டான். மாட்டுக்கு ஆகும்."

அன்றைக்கு மத்தியானமே அடுப்படியில் சித்தியிடம் அவர் வேறு கதை சொன்னார். "கதிரு தலையில வராது, இடுப்புல வரும், பாத்துக்க. பால் பிடிச்சதும் சுட்டுத் தின்னு. வடக்க உள்ள ஆளுக இதத் தின்னுதான் அம்புட்டுத் தெடமா இருக்காக. ரெத்தம் ஊறும், எலும்பு கெட்டிப்படும்."

அம்மியடியில் உட்கார்ந்திருந்த எனக்கு வருத்தமாகப் போய்விட்டது. அண்ணனிடம் ஒன்று, பெண்டாட்டியிடம் ஒன்று என்று பேசுகிறவரா நம் சித்தப்பா? அவர் திருச்சுழிக்கு நடந்துபோய்க் கரியில் ஓடுகிற பஸ் ஏறியபோது நான் சரியாக முகம் கொடுக்கவில்லை.

சித்தி அப்போது முழுகாமல் இருந்தாள். அதற்கு முன்னால் இரண்டு தங்காமல் போயிருந்தன. வருகிறவர்கள் எல்லாம், "ஒடம்புல சத்தே இல்லையே, இதுவாச்சும் நிக்குமா?" என்று அவள் காதுபடவே கேட்டுவிட்டுப் போவார்கள். நகமெல்லாம் வெளுத்திருக்கும். மழை ஏமாற்றியதில் கம்பு தானியக் குலுக்கையின் அடிக்குப் போயிருந்தது. ஆண்கள், பிள்ளைகள், அப்புறம் அம்மா, எல்லோருக்கும் கடைசியில் சித்தி. கூழ்ப் பானையை வழித்து, அதில் தண்ணீரை ஊற்றி, ஒரு கல் உப்புப் போட்டுக் குடிப்பாள். "வயிறு நெறஞ்சிருச்சு" என்பாள். நான் அதை அப்படியே நம்பினேன்.

மக்காச்சோளம் வளர்ந்தது. காடு முழுக்கக் கரிசல் வெடித்துக் கிடக்க, எங்கள் கொல்லையில் மட்டும் ஒரு பச்சை. நான் அண்ணாந்து பார்க்கிற உயரம். மத்தியான வெயிலில் ஊரே கண்ணயர்ந்திருக்கும்போது அந்த இலைகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு ஏதோ பேசும். நானும் சித்தியும் அதன் நிழலில் கிடப்போம். அவள் வயிற்றில் காதை வைத்தால் உள்ளேயும் யாரோ பேசுவதுபோல இருக்கும். எது இலைச் சத்தம், எது வயிற்றுச் சத்தம் என்று தெரியாமலே தூங்கிப்போவேன்.

ஆவணியில் ஒருநாள் அப்பா அரிவாளோடு கொல்லைக்கு வந்தார். எங்கள் பக்கத்தில் சோளமென்றாலும் கம்பென்றாலும் கதிர் உச்சியில்தான் இருக்கும். இதன் உச்சியிலோ காய்ந்த பூதான் ஆடிக்கொண்டிருந்தது.

"தலையில ஒரு மணியக் காணோம். மலட்டுப் பயிரு. வெட்டி மாட்டுக்குப் போட்டுற வேண்டியதுதான்."

கதவுக்குப் பின்னால் சித்தியின் வளையல் சத்தம் கேட்டது. ஓடினேன். அவள் என் தோளைப் பிடித்த பிடி வலித்தது.

"தாயி, பச்சையாப் போட்டா மாட்டுக்கு வயிறு ஊதிப்போகும், நல்லாக் காயணும்னு சித்தப்பா சொல்லிட்டுப் போனாகன்னு சொல்லு."

சித்தப்பா அப்படிச் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. ஆனாலும் சொன்னேன். இளஞ்சோளம் தின்று மாடு சாவது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அப்பா பயிரை ஏற இறங்கப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"சரி, காயட்டும். அதுவரைக்கும் அந்தப் பக்கம் யாரும் போகக் கூடாதுன்னு சொல்லு."

அப்புறம் வந்த மத்தியானங்கள்தான் என் வாழ்நாளிலேயே ருசியானவை. எல்லோரும் காட்டுக்குப் போன பிறகு, இலையோடு இலையாக ஒட்டிக்கொண்டிருந்த கதிரைச் சித்தி ஒடிப்பாள். தோலை உரித்தால் செம்பட்டை முடி, அதற்குள் வரிசை வரிசையாகப் பல். பருத்திமார்க் குச்சித் தணலில் புரட்டிச் சுட்டு, எனக்கு ஒரு விள்ளல் ஒடித்துத் தருவாள். மிச்சம் முழுவதையும் அவளே தின்பாள். கண்ணை மூடிக்கொண்டு தின்பாள். இவ்வளவு ஆசைக்காரியா இவள் என்று எனக்குக் கோபம் கோபமாக வரும். கோபத்திலேயே அவள் மடியில் தூங்கியும் விடுவேன்.

தையில் அவளுக்குப் பெண் பிறந்தது. கருகருவென்று முடியோடு, தெருவே கேட்க அழுதது.

இப்போது என் பேத்தி சொல்கிறாள், மக்காச்சோளத்தில் நார்ச்சத்து இருக்கிறதாம், கண்ணுக்கு நல்லதாம், பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு ரொம்ப நல்லதாம். இருக்கட்டும். ஒரு பானைக் கூழை அத்தனை பேர் பங்கிட்ட வீட்டில், தன் பெண்டாட்டிக்கு ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றுங்கள் என்று அண்ணனிடம் எந்தத் தம்பியால் கேட்க முடியும்? அதனால்தான் சித்தப்பா யாரும் பங்கு கேட்காத தீனியாகப் பார்த்து ஊன்றிவிட்டுப் போனார். இது எனக்கு விளங்க எனக்கே கல்யாணமாகி, கடைசிப் பந்தியில் உட்கார வேண்டியிருந்தது.

இன்னொன்று விளங்க அதைவிட நாளாயிற்று. அப்பா எப்போதும் ஊர்க் கிணற்றடியில்தான் குளிப்பார். அரிவாளோடு வந்து திரும்பிய மறுநாளிலிருந்து, "முதுகு பிடிச்சிருக்கு, கெணத்துக்கு நடக்க ஏலல" என்று சொல்லிவிட்டு, அதே கிணற்றிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் தூக்கி வந்து கொல்லைக் கல்லில் நின்று குளித்தார். அவர் போனதும் சித்தி வந்து பயிரடியில் நனைந்திருக்கும் மண்ணைப் பார்த்தபடி நிற்பாள். காயட்டும் என்று அவரே சொன்ன பயிருக்குத் தண்ணீர் எதற்கு என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவே என் வாய் வழியாகப் போகாத பேச்சு அது ஒன்றுதான்.