கறுப்புக் காரின் சிவப்புச் சிலுவை

காலமாகிவிட்ட திருமயம் டாக்டர் ஒருவரின் கறுப்புக் காரை நான் வாங்கியபோது, அதன் டிரைவரும் கூடவே வந்தார். நெடுநெடுவென்று இருப்பார். நெற்றியில் பழைய வெட்டுத் தழும்பு. எந்த ஊர் எல்லை வந்தாலும் வண்டியை மெதுவாக்கி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் போவார்.

காரின் முகப்பில் டாக்டர் ஒட்டியிருந்த சிவப்புச் சிலுவைத் தகட்டைப் பார்த்து ஜனங்கள் வழிமறித்தார்கள். டாக்டர் போய்விட்டார் என்று ஒவ்வொருவரிடமும் டிரைவர்தான் சொல்ல வேண்டியிருந்தது. தகட்டை எடுத்துவிடச் சொன்னேன்.

வெந்நீரில் நனைத்த துணியை அதன்மேல் வெகுநேரம் போட்டு வைத்தார். பிறகு முறுக்கிய நூலைத் தகட்டுக்குப் பின்னால் விட்டு, இங்கிட்டும் அங்கிட்டுமாக இழுத்தார்.

“திருப்புளியால நெம்பினா ஒரு நிமிஷ வேலைதானே?” என்றேன்.

“கறுப்பு வண்டிங்கய்யா. கீறினா காலத்துக்கும் தெரியும்.”

தகடு கழன்று வந்தது. பெயிண்டில் ஒரு கீறல் இல்லை.

மறுவாரம் ஆவுடையார்கோவில் போகும் வழியில், காய்ச்சல்காரப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருத்தி நின்றாள். அவள் கைகாட்டவில்லை. இவர்தான் வண்டியை நிறுத்தினார். நிறுத்தியவர், முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

“நீங்க இறங்கிக் கூப்பிடுங்கய்யா, ஆஸ்பத்திரில விட்டுருவோம்.”

“ஏன், நீங்க கூப்பிட்டா வராதா?”

“என் மூஞ்சியப் பாத்தா, பின்னால டாக்டர் இருக்காருன்னு நெனச்சுரும்ங்க.”

நான் இறங்கினேன். அதற்குள் அவள் அவரைப் பார்த்துவிட்டாள். பிள்ளையோடு ஓடியே வந்தாள்.