பேரீச்சைத் தோட்டத்தில் அண்ணாந்து குடித்த காப்பி

எமிரேட்ஸ் போகிறோம், உள்ளூர்ச் சாப்பாடு எது நன்றாக இருக்கும் என்று என் பதிவுகளைப் படிக்கிறவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். இப்போதைய ஓட்டல்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நான் அங்கே வயிறாரச் சாப்பிட்டது எழுபதுகளின் நடுவில், ஒரு ஜூலை மாத வெள்ளிக்கிழமையில். அதைச் சொல்கிறேன். உபயோகப்படுவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

என் கணவருக்குத் துபாயில் கட்டட இஞ்சினியர் வேலை. திருநெல்வேலியிலிருந்து கிளம்பும்போதே நான் நிபந்தனை போட்டிருந்தேன். ஒரு மாதம் இருந்து பார்ப்பேன், பிடிக்காவிட்டால் மறுபேச்சில்லாமல் ஊருக்கு அனுப்பிவிட வேண்டும். மாதம் முடியப்போகிற சமயம், எனக்குப் பிடிக்கவில்லை. அவர் டியூட்டிக்குப் போய்விட்டால் பேச ஒரு ஜீவன் கிடையாது. ஏசியின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன். மனசில் இருந்ததை அவரிடம் சொல்லியும் விட்டேன். மனிதர் முகம் வாடிப்போனது.

"சரி, டிக்கெட் போட்டுருதேன். அதுக்கு முன்னால ஒரே ஒரு எடத்துக்கு எங்கூட வா" என்றார்.

அவரோடு சைட்டில் வேலை பார்த்த சாலிம் உள்ளூர்க்காரர். வெயில் காலம் வந்தால் அங்கே கடற்கரைக் குடும்பங்கள் பேரீச்சைத் தோட்டங்களுக்குக் குடிபோய்விடும். நாம் குற்றாலம் போகிறோமே, அந்த மாதிரி. என்ன, அங்கே அருவி கிடையாது, வாய்க்கால்தான். சாலிமின் குடும்பம் அத்தைத் என்ற ஊரில் தங்கியிருந்தது. துபாயிலிருந்து சுமார் எழுபது கிலோமீட்டர். விடிகாலை ஐந்தரைக்கு ஜீப்பில் கிளம்பினோம். ஓட்டியவர் கான் பாய், பெஷாவர்க்காரர். ரோட்டில் மணல் ஏறிக் கிடந்த இடங்களில் "யல்லா, யல்லா" என்று ஜீப்பைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே ஓட்டினார்.

"நான் சைவம்னு அவங்கட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"சாலிம்ட்ட நாலு தடவ சொல்லியாச்சு."

"எச்சில் பாப்பேன்னு சொன்னீங்களா?"

அவர் சட்டென்று ஒட்டகம் பார்க்க ஆரம்பித்துவிட்டார். எங்கள் வீட்டில் டம்ளரை உதட்டில் வைத்தால் முதுகில் ஒன்று விழும். அப்படி வளர்ந்தவள் நான்.

பேரீச்சை ஓலையில் கட்டிய வீடு. உள்ளே நுழைந்ததும் நம்ப முடியாத குளிர்ச்சி. என் கணவரும் கான் பாயும் ஆண்கள் பக்கம் போய்விட, என்னைத் தன்னந்தனியாகப் பெண்கள் பக்கம் அனுப்பினார்கள். அங்கே ஷம்ஸா என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். நெற்றியிலிருந்து மேலுதடு வரை பளபளக்கும் விறைப்பான முகமூடி. கண்களும் வாயும் மட்டும் தெரிந்தன. சாலிமின் அம்மாவாக இருக்கும், கண்டிப்பான மாமியார் என்று முடிவு கட்டி, புடவையை இழுத்து மூடிக்கொண்டேன்.

சாப்பாடு வந்தது. பாதி பழுத்த பேரீச்சை: ஒரு பக்கம் தேங்காய்ச் சில்லு மாதிரிக் கடிபடும், மறுபக்கம் வெல்லப்பாகு. ரெகாக் என்ற ரொட்டி நம் பேப்பர் ரோஸ்ட்டைவிட மெல்லிசு. லுகைமாத் என்று தேன் நிறப் பாகு ஊற்றிய குட்டி உருண்டைகள். ஒன்றோடு நிறுத்தியவர்களை நான் பார்த்ததில்லை. பிறகு பலாலீத். ஏலக்காய் மணக்கும் இனிப்புச் சேமியா, அதன் தலையில் ஒரு ஆம்லெட்! சேமியா கேசரிக்கு முட்டைத் தொப்பி போட யாருக்குத் தோன்றியதோ. தொப்பியைக் கழற்றிவிட்டு அடியில் இருந்ததைச் சாப்பிட்டேன், பிரமாதம்.

ஆனால் எல்லாமே ஒரே தட்டு. நான் சேமியாவில் விரலால் வாய்க்கால் வெட்டி என் பங்கைப் பிரித்துக்கொண்டு தப்பித்தேன்.

காப்பியில் மாட்டிக்கொண்டேன். பாலும் சர்க்கரையும் இல்லாத, மஞ்சள் நிறக் காப்பி. இருந்ததோ ஒரே குட்டிக் குவளை. ஷம்ஸா ஒரு வாய் குடித்தாள், பக்கத்து வீட்டுப் பெண் குடித்தாள், அதே குவளை எனக்கு வந்தது. வேண்டாமென்றால் சாலிம் வீட்டுக்கே அவமரியாதை, அவர் முகத்தில் என் கணவர் எப்படி விழிப்பார்? குடிக்கவும் மனசு வரவில்லை. ஊதி ஆற்றினேன். தலையை அண்ணாந்து, ஒரு சாண் உயரத்திலிருந்து வாயில் ஊற்றிக்கொண்டேன். ஒரு சொட்டு சிந்தவில்லை.

ஒரு பெண் குழந்தை "யும்மா!" என்று கத்தியது. ஷம்ஸா மறுபடி ஊற்றினாள். மறுபடி அண்ணாந்தேன். கூட்டம் கூடிவிட்டது. "போதும்" என்று கையைக் காட்டினால் இன்னும் ஊற்றுகிறாள்.

கடைசியில் ஷம்ஸா தானும் முயன்றாள். முகமூடி இடித்தது. "கலாஸ்!", போதும் இது, என்று அதைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாமியாராவது! என் வயதுதான், இருபத்திரண்டுக்கு மேல் சொல்ல முடியாது. சாலிமின் மனைவி. அண்ணாந்து ஊற்றிக்கொண்டாள், காப்பி மூக்கிலும் கழுத்திலும் ஓடியது. இரண்டு பேரும் கண்ணீர் வரச் சிரித்தோம். அந்த ஊருக்கு வந்த பிறகு நான் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

மிச்சத்தை உதட்டில் வைத்துக் குடித்துவிட்டு, திரும்ப ஊற்றி என்னிடம் நீட்டினாள். வாங்கி, நானும் உதட்டில் வைத்துக் குடித்தேன். ஒன்றும் ஆகிவிடவில்லை.

திரும்பும் வழியில் என் கணவர் மெதுவாகக் கேட்டார்: "நாளைக்கு டிக்கெட்டுக்குச் சொல்லிரட்டுமா?"

"அடுத்த ஜுமாவுக்கு அவ வரச் சொல்லிருக்கா. போகாம இருந்தா நல்லாருக்குமா?"

அவர் கான் பாயிடம் வண்டியை நிறுத்தச் சொல்லி, எனக்கு ஒரு பெப்ஸி வாங்கிக் கொடுத்தார்.

போகிறவர்களுக்கு: புதுப் பேரீச்சை வேண்டுமென்றால் ஜூலையில் போங்கள், வெயிலைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். முட்டை சாப்பிடாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வலது கையால் மட்டும் சாப்பிடுங்கள், நமக்கு அது பழக்கம்தான். காப்பி போதுமென்றால் குவளையை இப்படியும் அப்படியும் லேசாக ஆட்டித் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆட்டாவிட்டால் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். இதை எனக்குச் சாலிம் பிறகு சொன்னார்.

தெரிந்த பிறகும், ஷம்ஸா வீட்டில் மட்டும் நான் குவளையைச் சீக்கிரம் ஆட்டியதே இல்லை.