சத்தத்துக்கு ஒரு பொத்தான்

வண்டியின் புகைக்குழாயை, அதாவது எக்சோஸை, மாற்றும் கடைக்காரர்களைத் திட்டாத தாமான், அதாவது குடியிருப்பு, மலாக்காவில் ஒன்றுகூட இருக்காது. விடிகிற நேரத்தில் பக்கத்து வீட்டு வண்டி உறுமித் தூக்கம் கலைந்தவர் நீங்கள் என்றால், என்னையும் சேர்த்துத்தான் திட்டியிருப்பீர்கள். அதில் எனக்கு வருத்தமில்லை, நானும் அப்படித் திட்டியவள்தான். சிம்பாங் அம்பாட்டில் எங்கள் கடை. குழாயை வெட்டி, ஒட்டி, வெல்டிங் வைப்பது என் கணவர் கணேசன். வண்டிக்குள் குனிந்து வயர் இழுத்து, பொத்தானும் ரிமோட்டும் மாட்டுவது நான்.

விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வால்வ் வைத்த எக்சோஸ் என்பது குழாய்க்குள் ஒரு சின்னக் கதவு. கதவு திறந்தால் புகை நேராக வெளியே போகும், வண்டி உறுமும். மூடினால் சத்தத்தை அடக்கும் மப்ளர் வழியாகச் சுற்றிக்கொண்டு போகும், வண்டி பூனை மாதிரி நகரும். இதற்குச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை ஒவ்வொருவருக்கும் சொல்லிவிட்டுத்தான் வேலையில் கை வைப்போம். எல்லாரும் பொறுமையாகக் கேட்டுத் தலையாட்டுவார்கள். தலையாட்டி முடித்ததும், "பொத்தான எங்கக்கா வைப்பீங்க?" என்பார்கள்.

வண்டி இல்லாமல் வந்தவர்

ஒருநாள் காலை ஒரு பெண் கைக்குழந்தையோடு கிராப் காரில் வந்து இறங்கினார். புக்கிட் பெருவாங்கில் வீடு. முகத்தில் அப்படி ஒரு அசதி. "வால்வ் போடணும் அக்கா" என்றார். வண்டி எங்கே என்று கேட்டேன். "என் வண்டிக்கு இல்ல. பக்கத்து வீட்டு வண்டிக்கு. செலவு நான் பாத்துக்கறேன்" என்றார். அந்த வீட்டுப் பையன் தினமும் வேலைக்குக் கிளம்பும் நேரம், இவர் குழந்தையைத் தூங்க வைத்துக் கட்டிலில் போடும் அதே நேரமாம். வண்டி உறுமியதும் குழந்தை வீறிட்டு அழும். பிறகு மதியம் வரை இருவருக்கும் தூக்கம் கிடையாது. சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் வண்டிக்குச் சொந்தக்காரர் இல்லாமல் நாங்கள் என்ன செய்ய முடியும்? "அவர்கிட்ட ஒரு தடவை பேசிப் பாருங்க" என்று மைலோ கலந்து கொடுத்து அனுப்பிவைத்தேன்.

சனிக்கிழமை அந்தப் பையனே வண்டியோடு வந்து நின்றான். பெயர் ஜமால். டவுனில் அவர்கள் குடும்பத்துக்குத் துணிக்கடை. இருந்த எக்சோஸைக் கழற்றாமல் வால்வ் வைத்துக் கொடுத்தோம், செலவையும் அவனே ஏற்றுக்கொண்டான். காலையில் மூடித்தான் கிளம்ப வேண்டும், ஹைவே ஏறும் வரை பொத்தானைத் தொடக் கூடாது என்று அவனாகவே இரண்டு தடவை சொல்லிக்கொண்டான். அப்படி என்னதான் சொன்னார் அந்த அம்மா என்று கேட்டேன். அவன் வெட்கத்தோடு சிரித்தான். "அவங்க வந்து கத்தியிருந்தா நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்கா. குழந்தைய என் கையில குடுத்துட்டுப் பேசினாங்க, நான் என்னா செய்யறது?"

மச்சான்களும் ஒரே ரிமோட்டும்

ரெம்பியாவில் முருகையா என்று ஒருவர். அவர் மனைவியின் தம்பி சேகர். ஏதோ ஒரு நிச்சயதார்த்த விருந்தில் வாய்த்தகராறு ஆகி, இருவருக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது. இருவருமே ஆன்லைனில் மலிவாக வால்வ் செட் வாங்கி, வெவ்வேறு மாதங்களில் எங்களிடம் கொடுத்து மாட்டிக்கொண்டவர்கள். வெள்ளிக்கிழமைகளில் ஒரே கோயிலுக்கு வருவார்கள். கோயில் வாசலில் முருகையா வந்து இறங்கும்போது, அங்கே எஞ்சினை அணைக்காமல் ஏர்கோன் போட்டுக் காத்திருக்கும் சேகரின் வண்டி அவரைப் பார்த்து உறுமும். சேகர் வந்து இறங்கும்போது முருகையா காத்திருந்தால், இவர் வண்டி உறுமும். இடையில் மாட்டிக்கொண்டவர் சேகரின் அக்கா. புருஷன் பக்கம் நிற்பதா, தம்பி பக்கம் நிற்பதா என்று தெரியாமல் அவர் வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டார்.

ஒரு மத்தியானம் முருகையா, "வால்வ் தானா திறந்துக்குது" என்று வண்டியைக் கொண்டுவந்தார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே சேகரும் அதே புகாரோடு உள்ளே நுழைந்தார். ஒருவர் சுவரைப் பார்த்து நின்றார், இன்னொருவர் தெருவைப் பார்த்து நின்றார். நான் முருகையாவின் ரிமோட்டை வாங்கி அமுக்கினேன். அவர் வண்டியில் 'டக்' என்று வால்வ் மூடியது. பின்னால் எஞ்சின் அணைக்காமல் நின்றிருந்த சேகரின் வண்டி உறுமியது. மறுபடி அமுக்கினேன். சேகரின் வண்டி அடங்கியது, முருகையாவின் வண்டி திறந்துகொண்டது. இரண்டு ரிமோட்டுக்கும் ஒரே கோட், அதாவது ஒரே ரகசிய எண். கம்பெனியில் அப்படியே செய்து அனுப்பியிருக்கிறார்கள். இவர் வாசலில் இறங்கித் தன் வண்டியை மரியாதையாக மூடும்போதெல்லாம் அவர் வண்டி திறந்திருக்கிறது. அவர் பதறிப்போய் மூடினால் இவர் வண்டி திறந்திருக்கிறது.

பிறகு சேகர்தான், "தே தண்ணி குடிக்கிறீங்களா மச்சான்?" என்று கேட்டார். எதிரே இருந்த தேநீர்க் கடைக்குப் போனார்கள். நான் இரண்டு வண்டியின் ரிமோட் பெட்டியிலும் கோட் மாற்றி முடித்து வெகுநேரம் கழித்துத்தான் திரும்பி வந்தார்கள். முருகையா சாவியை வாங்கிக்கொண்டு, வண்டியில் ஏறப் போனவர் திரும்பி வந்து என்னிடம் மெல்லக் கேட்டார்: "அப்ப இத்தனை நாளா, அவன் வண்டிய நானே உறும வச்சிட்டுத்தான் அவனத் திட்டிக்கிட்டு இருந்தேனாம்மா?"

ரசிகர்

வேலை முடிந்த ஒரு வண்டியை ஓட்டிப் பார்க்க என் கணவர் எடுத்துப் போனார். சாலைத் தடுப்பில் நிறுத்திவிட்டார்கள். வால்வ் மூடியிருந்தது, வண்டி மூச்சுக் காட்டவில்லை. ஆனாலும் சோதனையில் நின்ற மலாய் அதிகாரி பின்பக்கம் குனிந்து பார்த்துவிட்டு, பொத்தானைக் கண்டுபிடித்து, திறந்து காட்டச் சொன்னார். இவரும் திறந்தார். கொஞ்சம் மிதிக்கச் சொன்னார். மிதித்தார். அதிகாரி கண்ணை மூடி ஒரு பாட்டைக் கேட்பதுபோலக் கேட்டாராம். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சம்மன் சம்மன்தான் என்பதை அவர் சொன்னபடியே என் கணவர் இன்றைக்கும் நடித்துக் காட்டுவார்: "பூஞி செடாப் லா, பாங். சமான் தெத்தாப் சமான்."

மகன் விட்டுப்போன வண்டி

சரோஜா ஆன்ட்டி பள்ளிக்கூடக் கேன்டீனில் வேலை செய்பவர். ஒரே மகன் சிங்கப்பூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான், வண்டியை அம்மாவிடம் விட்டுவிட்டான். ஓட்டாமல் நின்ற வண்டியில் கரி பிடித்து, வால்வ் திறந்தபடியே இறுகிவிட்டது. அந்த உறுமலோடு அவர் எங்கள் கடைவரை ஓட்டி வந்தார். இறங்கியதும் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "சிக்னல்ல ஒரு மோட்டார்பைக் பையன் என்னப் பாத்துக் கட்டைவிரலத் தூக்கிக் காட்டறான்மா. மானம் போச்சு" என்றார்.

என் கணவர் வால்வைக் கழற்றிக் கரியைச் சுரண்டி, எண்ணெய் விட்டு மாட்டினார். நான் ஆன்ட்டியைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பொத்தானைக் காட்டினேன். முதலில் சுடுபாத்திரத்தைத் தொடுவதுபோல விரல் நுனியால் தொட்டார். திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. "மூடியே வச்சிருங்க ஆன்ட்டி, இனி தொந்தரவு இல்ல" என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். திறந்து வைத்தால் வண்டி கெட்டுப்போகுமா என்று கேட்டார். கெடாது என்றேன்.

"அப்ப வீட்டுக்கிட்ட வரும்போது மட்டும் திறந்துக்கறேன்மா. எங்க லோரோங் சந்துல ரெண்டு வீட்டுல திருடன் பூந்துட்டான். சத்தம் கேட்டா எம்மவன் வந்துட்டான்னு நெனச்சுக்குவானுங்கல்ல?"

மாப்பிள்ளை ஊர்வலம்

முகூர்த்த நாள் காலையில் கடையைத் திறந்துகொண்டிருந்தேன். பூ ஒட்டிய வண்டி ஒன்று உறுமிக்கொண்டே உள்ளே வந்தது. அதன் பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் வேன், அதற்கும் பின்னால் சொந்தக்காரர்கள் வண்டிகள். முதல் வண்டியிலிருந்து பட்டு வேட்டியும் மாலையுமாக மாப்பிள்ளையே இறங்கி ஓடி வந்தார். வண்டி அவருடையதுதான், நண்பர் ஓட்டி வந்தார். வழியில் வால்வ் மோட்டார் நின்றுவிட்டது, கதவு மூடவில்லை. "அக்கா, மாமாவுக்கு இப்பத்தான் நெஞ்சுல ஆபரேஷன் ஆச்சு. சத்தமில்லாம வர்றேன்னு அவர்கிட்ட வாக்குக் குடுத்திருக்கேன்" என்றார். கல்யாணத்துக்குச் சம்மதம் வாங்கவே அவர் பட்ட பாட்டை நண்பர் அதற்குள் பாதி சொல்லிவிட்டார். பெண்ணின் அப்பாவான அந்த மாமாவுக்கு ஆரம்பத்திலிருந்தே இந்த வண்டியைக் கண்டால் ஆகாது. வண்டியைப் பிடிக்காமல் மாப்பிள்ளையையும் பிடிக்காமல் போய், இப்போதுதான் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறார்.

மோட்டார் மாற்ற நேரமில்லை. வேறு வண்டியில் போகச் சொன்னேன். அலங்காரம் செய்த வண்டி, அம்மா ஆரத்தி சுற்றி அனுப்பிய வண்டி, மாறினால் அம்மா மனசு சங்கடப்படும் என்று மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். என் கணவர் வண்டிக்கு அடியில் படுத்து, சூடான குழாயைத் துணி சுற்றிப் பிடித்து, கதவைக் கையால் மூடி இரும்புக் கம்பியால் இழுத்துக் கட்டினார். முழங்கையில் சுட்டுவிட்டது, எழுந்த பிறகுதான் கவனித்தார். எஞ்சினைப் போட்டோம். சத்தமே இல்லை. மாப்பிள்ளை கண்ணீரோடு என் கணவர் காலில் விழப் போனார், மாலை வண்டிக் கதவில் மாட்டிக்கொண்டதால் தப்பித்தோம். வேனிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நாதஸ்வரக்காரர் பெருமூச்சு விட்டார். "நல்லதா போச்சும்மா. அந்த வண்டியோட போட்டி போட்டு ஊத எனக்குத் தம் கிடையாது."

காதால் தேடியவர்

விக்னேஸ் ஆயர் குரோவில் வேலை செய்பவர். அவருடைய அப்பா பாசார் சந்தையில் காய்கறி விற்றவர். சர்க்கரை நோயில் பார்வை போய்விட்டது. சாயங்காலமானால் மகன் வரும் நேரத்துக்கு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். பழைய வண்டி இருந்தவரை கஷ்டமில்லை, அது ஓட்டைக் குழாயோடு தெருமுனையிலேயே ஊரைக் கூட்டும். விக்னேஸ் அதை விற்றுவிட்டுப் புது வண்டி வாங்கினார். புது வண்டி வருவதும் தெரியாது, நிற்பதும் தெரியாது. தெருவில் எந்த வண்டி மெதுவாகப் போனாலும் அப்பா எழுந்து, "வந்துட்டியாய்யா?" என்று கேட்பார். ஒருநாள் பார்சல் கொண்டுவந்தவனின் வண்டியை மகன் என்று நினைத்து நடந்துபோய், சாக்கடையில் கால் வைத்து விழுந்துவிட்டார். முழங்கால் கிழிந்தது. அடுத்த வாரமே அப்பாவைக் கூட்டிக்கொண்டு விக்னேஸ் எங்கள் கடைக்கு வந்தார்.

சத்தத்தை அப்பாதான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றார். பெரியவரை நிழலில் உட்காரவைத்து, ஒவ்வொரு வால்வ் குழாயாகத் தற்காலிகமாக மாட்டிக் காட்டினார் என் கணவர். முதலாவதைக் கேட்டு, "இது பக்கத்து வீட்டுப் பையன் வண்டி மாதிரி இருக்கு, வேணாம்" என்றார். அடுத்ததற்கு, "இது என்னா, லோரியா?" என்றார். அதற்கடுத்தது கனமாக, அடித்தொண்டையில் பேசுவதுபோல இருந்தது. பெரியவர் எழுந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு வண்டியருகே வந்து, பின்பக்க மூடிமேல் உள்ளங்கையை வைத்தார். கை அதிர்வதைக் கொஞ்ச நேரம் அனுபவித்துவிட்டு, தலையை ஆட்டினார். மற்ற நேரமெல்லாம் மூடியிருக்கட்டும், தெருமுனையில் மட்டும் மகன் ஒரு தடவை திறந்து மூடினால் போதும், அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு வேண்டாம் என்று அவரே சொன்னார்.

வேலை முடிந்ததும் விக்னேஸ் வண்டியை எங்கள் தெருமுனைவரை கொண்டுபோய்த் திருப்பி வந்தார். நடுவில் வேறு இரண்டு மூன்று வண்டிகள் கடந்து போயின. பெரியவர் அசையவில்லை. முனையில் அந்தக் கனத்த உறுமல் ஒரு நொடி எழுந்து அடங்கியது. அவர் நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்து நின்றார். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. நான் இருந்த பக்கம் திரும்பிச் சொன்னார்: "இனிமே ரோட்டுல போற வண்டியயெல்லாம் மகனேன்னு கூப்பிட வேணாம் தாயீ."

இவ்வளவும் கேட்டுவிட்டு எங்கள் வண்டியில் என்ன எக்சோஸ் என்று கேட்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன், கம்பெனி போட்டு அனுப்பிய அதே குழாய்தான் இன்னும் இருக்கிறது, ஏனென்றால் நாளெல்லாம் கடை இரைச்சலில் கழியும் எங்கள் இருவருக்கும், ஒருவர் பேசுவது இன்னொருவர் காதில் விழுவது வீட்டுக்குப் போகும் வழியில் மட்டும்தான்.