செந்துளுவன் நிறம்

திருவட்டாறு ரசலையன் தோஹாவில் ஒரு பஸ் ஒர்க்‌ஷாப்பில் பதினாறு வருஷம் பெயிண்ட் அடித்தவன். மகள் நடக்கப் பழகியதையும், முதல் பல் விழுந்ததையும் போனில்தான் பார்த்தான். இந்த லீவில் ஊருக்கு வந்ததும் மனைவி ராகேலிடம் சொல்லிவிட்டான்: "இனி நான் போவல்ல. கஞ்சியோ கூழோ, இஞ்ச கிடந்து குடிப்போம்."

சொல்வது சுலபம். ஊரில் வேலை வேண்டுமே! அதுவும் கிடைக்கும்போல் இருந்தது. மார்த்தாண்டம் பக்கம் பஸ் பாடி கட்டும் முதலாளி ஒருவர், வண்டி கட்டும் முன்பே அதன் சின்ன மாடலைச் செய்து, கலர் அடித்து, வாங்க வருகிறவர்களுக்குக் காட்ட ஓர் ஆள் தேடினார். ரசலையனுக்கு அதுதானே பைத்தியம். தோஹாவில் வெள்ளிக்கிழமை லீவில் மற்றவர்கள் சீட்டு விளையாடுவார்கள். இவன் ஃபோம் ஷீட் வெட்டி முழங்கை நீளத்துக்கு பஸ் செய்வான். பக்கத்திலேயே இன்னொரு பைத்தியமும் இருந்தது. பெயர் ஜேசுதாஸ். ஒரே ஊர், ஒரே அறை, மேல்கட்டிலும் கீழ்கட்டிலும். சர்க்கரை வியாதி வந்து ரெண்டு வருஷம் முன்பே ஊருக்குத் திரும்பியவன்.

அவனும் அந்த வேலைக்கு மனுப் போட்டான். வேண்டியது ஒரே ஆள். "யாருக்குக் கெடச்சா என்ன மக்கா, ஒரே வீட்டுக்குத்தானே" என்றான் ஜேசுதாஸ். ரசலையன் அதை அப்படியே நம்பினான். நம்பாமல் இருக்க அவனுக்கு ஒரு காரணமும் கிடையாது.

முதலாளி வைத்த சோதனைதான் கொஞ்சம் கிறுக்குத்தனமானது. செந்துளுவன், அதாவது செவ்வாழை, அந்தப் பழத்தோல் நிறத்தில் ஒரு பஸ் மாடல் வேண்டும். செந்துளுவன் வாழை போட்டுத்தான் அவர் முதல் பஸ் வாங்கினாராம். எந்தக் கடையில் எந்த டப்பாவில் அந்த நிறம் இருக்கிறது? சிவப்பு இருக்கிறது, காவி இருக்கிறது, மெரூன் இருக்கிறது. பழுத்த செந்துளுவன் மட்டும் இல்லை.

ஆகவே கலக்க வேண்டும். மாடலுக்கென்றே வருகிற வெளிநாட்டுச் சின்ன டப்பா மெரூனும், நம்மூரில் இரும்புக் கேட்டுக்கு அடிக்கிற மஞ்சளும் சேர்ந்தால் அது வரும் என்று ரசலையன் கண்டுபிடித்தான். எனாமல் பெயிண்ட் எல்லாம் ஒரே சாதி என்று நினைக்கிறவன் ஒரு முறையாவது கையைச் சுட்டுக்கொள்வான். ஒரு கம்பெனிக்காரன் எண்ணெயைத் தாராளமாக விடுவான், இன்னொருவன் கஞ்சப்பிசினாறி. ரெண்டையும் சேர்த்தால் சில நேரம் பால் திரிகிற மாதிரி திரிந்துபோகும். திரியாமல் சேர்ந்தாலும் ஒரு வில்லங்கம் உண்டு. மேலே காய்ந்துவிடும், உள்ளே நாள்கணக்கில் பச்சையாகக் கிடக்கும். பார்த்தால் தெரியாது. அழுத்தினால்தான் தெரியும்.

பீங்கான் தட்டில் சொட்டுச் சொட்டாகக் கலந்து, பக்கத்தில் பழத்தை வைத்து ஒத்துப் பார்த்தான். பழம் பழுக்கப் பழுக்கத் தோலும் நிறம் மாறியது, அதனால் தினமும் புதுப் பழம் வந்தது. பார்த்து முடித்த பழத்தையெல்லாம் தின்றே ராகேலுக்குச் சலித்துவிட்டது. "கலரு கெடைக்கும் முன்ன எனக்கு வயிறு பொட்டீரும்" என்றாள். ஆனால் கிடைத்தது. பஸ்மேல் அடித்து வைத்தபோது மகள் அதை முகர்ந்து பார்த்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலாளியைப் பார்க்கப் போவதற்கு முந்தின சாயங்காலம் ஜேசுதாஸ் வந்தான். அவன் ஒரே கம்பெனி பெயிண்ட் வாங்கி அடித்திருந்தான். அது செங்கல் நிறத்தோடு நின்றுவிட்டதாம். ரசலையனின் பஸ்ஸை வெகுநேரம் பார்த்தான்.

"காஞ்சிட்டா லே?"

"மேல காஞ்சிருக்கு. உள்ள பச்சையாக்கும். அமுக்கிராத."

"நீ போய் சாயா கொண்டா. நான் பெட்டியில வச்சுத் தாறேன்."

ரசலையன் அடுக்களைக்குப் போனான். திரும்பி வந்தபோது பெட்டி மூடிக் கயிறு கட்டியாகிவிட்டது. இருவரும் சாயா குடித்தார்கள்.

மறுநாள் முதலாளியின் மேஜையில் வைத்துத்தான் பெட்டியைத் திறந்தான். நிறத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. பஸ்ஸை அந்தப் பக்கம் திருப்பினார், மலர்ந்தது வாடிவிட்டது. ஜன்னல்களுக்குக் கீழே நட்டநடுவில் ஒரு பெருவிரல் பதிந்திருந்தது.

"நெறமெல்லாம் கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. காயும் முன்னே அள்ளிக் கட்டீட்டு வாறவரு கையில நாளைக்கு எப்பிடி வோய் பஸ்ஸக் குடுக்க?"

செங்கல் நிற பஸ்ஸுக்கு வேலை கிடைத்தது. ரசலையன் தன்னையே திட்டிக்கொண்டான். தன் கைதான் எப்போதோ பட்டிருக்கும் என்று நினைத்தான். ஜேசுதாஸ் வீடு தேடி வந்து ஆறுதல் வேறு சொன்னான்.

சில நாள் கழித்து, பாழான இடத்தைத் தேய்த்து மறுபடி அடிக்கலாம் என்று உப்புத்தாளோடு முற்றத்து வெயிலில் உட்கார்ந்தான். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தவன் அப்படியே இருந்துவிட்டான். விரல் பதிவின் குறுக்கே சாய்வாக ஒரு கோடு. ரப்பர் பால் வெட்டுகிற கத்தி பட்டு ஜேசுதாஸின் பெருவிரலில் ஆறிய தழும்பு. அந்த விரல் அவனோடு ஒரே தட்டில் சோறு பிசைந்த விரல். கூட இருந்தே குழி பறிப்பது என்பார்களே, குழி பறித்தவன் கைநாட்டும் போட்டு வைத்திருந்தான்.

ரசலையன் பஸ்ஸைத் தூக்கிக்கொண்டு நேரே ஜேசுதாஸ் வீட்டுக்குப் போய் அவன் முன்னால் வைத்தான்.

"ஒனக்க வெரல வை லே இதுல."

ஜேசுதாஸ் வைக்கவில்லை. மறுக்கவும் இல்லை. அவன் மனைவி பெமிலா ஒன்றும் புரியாமல் வாசலில் நின்றாள்.

"எனக்கு இனி விசாவுக்கு மெடிக்கல் பாஸாவாது மக்கா" என்றான் ஜேசுதாஸ். "நீ வேணும்னா திரும்பப் போலாம். எனக்கு இத விட்டா வேற கதியில்ல."

"அத வாயத் தெறந்து கேட்டிருந்தா நான் விட்டுத் தந்திருப்பேனே லே!"

"தந்திருப்ப. அது தெரிஞ்சுதான் கேக்கல்ல. நீ போட்ட பிச்சையில காலம் பூரா ஒன் முன்னால குனிஞ்சு நிக்க எனக்கு ஏலாது."

ரசலையன் அவனைப் பார்த்தான். "இப்போ மட்டும் நிமிந்தா நிக்குத?"

பஸ்ஸை அங்கேயே விட்டுவிட்டு ரசலையன் வந்துவிட்டான்.

ஊரில் வேறு வேலை அமையவில்லை. தோஹாவுக்கே மறுபடி விசா வந்தது. ராகேல் பெட்டி அடுக்கினாள். அந்தத் துரோகி வழியனுப்ப வந்து நின்றுவிடக் கூடாது என்று ரசலையன் கர்த்தரிடம் கேட்டுக்கொண்டான். கர்த்தர் கேட்டதைக் கொடுத்தார். கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு டிரைவர் ரெண்டு முறை கூப்பிட்டான். ரசலையன் ரோட்டையே பார்த்தபடி நின்றான்.

"ஆரப் பாக்குதிய அப்பா?" என்று மகள் கேட்டாள்.

"ஆரையும் இல்ல மக்கா" என்றான்.