தூரம் என்ற சொல்லும் காஞ்சிபுரத்துப் பள்ளிக்கூடமும்

காஞ்சிபுரத்துப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்ஷன் நடந்த அன்று, இன்ஸ்பெக்டராக வந்திருந்த வெள்ளைக்காரத் துரைசானிக்கு மொழிபெயர்த்துச் சொன்னது நான்தான் என்று ஒரு பேச்சு சென்னை வரை வந்திருக்கிறது. நான் அல்ல. கூப்பிட்டிருந்தது என்னைத்தான், கான்வென்டில் படித்தவள், இங்கிலீஷ் பிழையில்லாமல் பேசுவேன் என்பது அவர்களுக்குத் தெரியும். காய்ச்சலில் படுத்திருந்ததால் போகவில்லை. அங்கே ஓர் உபாத்தியாயினிக்கு என் வாயால் வேலை போயிற்று என்று கேள்விப்பட்ட பிறகு, ஐப்பசி மழை விடாத ஒரு செவ்வாய்க்கிழமை புறப்பட்டேன்.

எழும்பூரில் காலை வண்டி. செங்கற்பட்டில் இறங்கி அரக்கோணம் வண்டிக்கு மாற வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க நேரும். பெண்கள் தங்கும் அறையின் பெஞ்சில் துடைக்காமல் உட்காராதீர்கள். வாலாஜாபாத்தில் மூட்டை ஏற்றுவதற்காக நெடுநேரம் நின்றது. வெளியே வயலெல்லாம் ஒரே தண்ணீர்.

காஞ்சிபுரம் ஸ்டேஷனில் ஜட்காக்காரர் ஆறணா கேட்டு நாலணாவுக்கு இசைந்தார். பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னதும் திரும்பிப் பார்த்தார்.

"தொரசானியாண்ட தப்பா சொன்ன மெட்ராஸ் அம்மா நீங்கதானா?"

இல்லை என்றேன். ஊரே சொல்லிக்கினு இருக்குதே என்று குதிரையைத் தட்டினார்.

வேலை இழந்தவள் தறிக்காரர் வீட்டுப் பெண். கணவன் ரங்கூன் போய்த் திரும்பவில்லை. அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. முறையாகப் பயிற்சி பெற்றுத் தேறியவள். தமிழும் கணக்கும் நன்றாகச் சொல்லிக்கொடுப்பாள். இங்கிலீஷ் மட்டும் வராது.

இன்ஸ்பெக்ஷன் அன்று அவள் வரவில்லை. அவளுடைய தாய் பள்ளிக்கூடத்துக்கு வந்து, பெண் வீட்டுக்குத் தூரம், மூன்று நாள் கழித்து வருவாள் என்றிருக்கிறாள். நம் வீடுகளில் மாதத்தில் அந்த மூன்று நாள் பெண்கள் ஒதுங்கி உட்காருவதற்கு அதுதான் சொல். எனக்குப் பதிலாக மொழிபெயர்த்த பள்ளிக்கூடத்துச் செக்ரெட்டரி ஒரு வக்கீல்; அர்த்தம் தெரியாதவர் அல்ல. துரைசானியிடம் அதை இங்கிலீஷில் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. வீட்டை விட்டு வெகுதூரம் போயிருக்கிறாள் என்றார். லீவு கேட்காமல் ஊர் சுற்றப் போனவள் என்று துரைசானி குறித்துக்கொண்டார். இரண்டு தெரு தள்ளித் தன் வீட்டுப் பின்கட்டில் சாக்கின்மேல் உட்கார்ந்திருந்தவளுக்கு வேலை போயிற்று.

பள்ளிக்கூடத்தில் செக்ரெட்டரி என்னிடம் இங்கிலீஷில் பேசினார். நான் தமிழிலேயே பதில் சொன்னேன். துரைசானியிடம் சொல்லுக்குச் சொல் சரியாகத்தான் சொன்னேன், அகராதியைப் பாருங்கள் என்றார் அவர். பிறகு அவரும் தமிழுக்கு வந்தார்.

"நாலு வரி இங்கிலீஷ் வந்திருந்தா அவளே தொரசானிக்கு எழுதியிருக்கலாமேம்மா. அது இல்லாதவளைப் படிச்சவன்னு எப்படி ஒத்துக்கறது?"

அந்த நாலு வரியை நான் எழுதித் தருகிறேன் என்று அவள் வீட்டுக்குப் போனேன். என்ன எழுதுவேன் என்று தமிழில் சொல்லிக் காட்டி, கையெழுத்துப் போட்டால் போதும் என்றேன். அவள் உட்காரவில்லை.

"வேணாம்மா. அந்தக் காகிதம் எத்தினி குமாஸ்தா கையில போவும்? நம்ம பாஷையில அது தூரம், அவ்ளோதான். நீங்க எழுதறதுல ஏதோ வியாதி மாதிரி இருக்குது."

"வெக்கத்தப் போட்டு உலை கொதிக்க வைப்பியாடி?" என்றாள் தாய்.

தூரத்துக்கு ஈடான ஓர் இங்கிலீஷ் சொல்லைத் தேடினேன். கான்வென்டில் கன்னியாஸ்திரீகள் எங்களுக்கு அப்படி ஒன்றைச் சொல்லித்தரவே இல்லை. பத்திரிகையில் எழுதட்டுமா என்று கேட்டேன். பேர் போடாமல், தமிழில் என்றால் எழுதுங்கள் என்றாள்.

திரும்பும்போதும் மழைதான். போகிறவர்கள் குடையோடு மாற்றுப் புடவையும் வைத்துக்கொள்ளுங்கள்; ஜட்காவின் மேற்கூரை ஒழுகும். அந்நிய பாஷை தெரிந்திருப்பது நல்லது. எனக்குத் தெரியும், அதில் எனக்குப் பெருமையும் உண்டு. ஆனால் அன்று அந்தப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் பேசிய இருவருக்கு நடுவில்தான் செய்தி கெட்டது. தாய் அன்று தமிழில் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை.

செக்ரெட்டரி அவர்கள் இந்தப் பத்திரிகை வாங்குகிறவர். அவளைத் திரும்ப வேலையில் வைப்பீர்களா, மாட்டீர்களா என்று பத்திரிகை விலாசத்துக்கு எனக்கு எழுத்தில் பதில் அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன். தமிழில் எழுதினால் போதும்.