எலிக்குக் கரைந்த கட்டி

சுண்டெலி வளர்க்கும் தொழிலில் ஒரு நிம்மதி உண்டு: நாம் என்ன பேசினாலும் எலி நம்பிவிடாது.

ஓசூர் தொழிற்பேட்டையில், மருந்து ஆராய்ச்சி செய்யும் ஒரு கம்பெனியின் அனிமல் ஹவுஸில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். கூண்டு கழுவுவது, மரத்தூள் மாற்றுவது, தீனி வைப்பது, எடை பார்ப்பது என் வேலை. வயது ஐம்பத்து நான்கு. கம்பெனி செய்யும் வேலையைத் தாங்களே செய்வதுபோல் பேசி நீங்களும் ஒருமுறையாவது மாட்டியிருப்பீர்கள். அப்படி மாட்டியவர்களுக்கு இது புரியும்.

டீக்கடையில் என் மதிப்பு

மூக்கண்டப்பள்ளியில் எங்கள் லைன் வீடுகளில் இருப்பவர்கள் எல்லாரும் இரும்பு வேலைக்காரர்கள். ஒருவர் கியர் செய்கிறேன் என்பார், இன்னொருவர் பிரேக் டிரம் என்பார். என் முறை வரும்போது நான் பேச்சை மாற்றிவிடுவேன். பக்கத்து வீட்டுக் கோவிந்தன் நாகரசம்பட்டிக்காரர், பிரஸ் ஷாப் ஆபரேட்டர். அவர்தான் ஒருநாள் கடையே சிரிக்கும்படி கேட்டார்: "ஊரே எலிக்கு மருந்து வைக்குது. உங்க கம்பெனி எலிக்கு மருந்து பாக்குதாங்கண்ணா?"

கட்டிக்குள் விளக்கு

எங்கள் ஆராய்ச்சியாளர் மேடம் தெலுங்குக்காரப் பெண், முப்பது வயதிருக்கும். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு ஸ்கேன் படத்தைக் காட்டினார். எலியின் உடம்பில் கட்டி இருந்த இடம் விளக்குப் போட்டதுபோல் ஒளிர்ந்தது. கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி அயோடினை இழுத்துக்கொள்ளும். அப்படி இழுக்கவைக்கும் மரபணுவை ஒரு வைரஸில் ஏற்றிப் புற்றுக்கட்டிக்குள் அனுப்பினால், கட்டியும் அயோடினை இழுக்கத் தொடங்கும். கதிரியக்க அயோடினைக் கொஞ்சமாகக் கொடுத்தால் கட்டி எங்கே இருக்கிறது என்று தெரியும். நிறையக் கொடுத்தால் அதே வழியாக உள்ளே போய்க் கட்டியைச் சுட்டுவிடும். பார்ப்பதும் அதுதான், வைத்தியமும் அதுதான்.

அடுத்த படத்தில் அந்த எலிக்குக் கட்டி முக்கால்வாசி கரைந்திருந்தது. நான் என்னையறியாமல் கைதட்டிவிட்டேன். மேடம் சிரிக்கவில்லை. "எலியை நாம எத்தனையோ தடவை காப்பாத்திட்டோம் அண்ணா, மனுஷங்ககிட்டதான் தோத்துக்கிட்டே இருக்கோம்," என்றார்.

காலண்டர் தாளில் இரண்டு வட்டம்

கோவிந்தனின் மனைவி சரோஜா கார்மெண்ட்ஸில் தையல் வேலை செய்தாள். அவளுக்கு மார்பில் கட்டி. புற்று என்றும், சின்னதாக இருக்கும்போதே ஆபரேஷன் செய்துவிட வேண்டும் என்றும் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மருந்துக் கம்பெனியில் இருப்பவன் என்று இருவரும் நேராக என் வீட்டுக்கு வந்தார்கள். டீக்கடையில் சிரித்த அதே மனிதர், உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றார்.

நான் காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் இரண்டு வட்டம் போட்டேன். ஒன்று தைராய்டு, ஒன்று கட்டி. அரை மணி நேரம் விளக்கினேன். எலிக்குச் செய்து பார்க்கிறோம் என்றும் சொன்னேன். இது உங்களுக்கு இல்லை, ஆபரேஷனுக்குப் போங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொன்னால் நான் மறுபடி கூண்டு கழுவுகிறவனாகிவிடுவேன். சொல்லவில்லை. சரோஜா அந்தத் தாளை மடித்து வைத்துக்கொண்டாள். "அறுக்காமலே கரையுதுன்னா, கொஞ்ச நாள் பொறுத்துக்கலாங்கண்ணா," என்றாள்.

சார் ஆனேன்

அன்றிலிருந்து கோவிந்தனுக்கு நான் அண்ணன் இல்லை, சார். பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்து வைத்தார். ஊரிலிருந்து வந்த மாமனாரைக் கூட்டிவந்து என்னைக் காட்டினார். நாலு மாதம் அவர்கள் ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை. அது எனக்குத் தெரியும். தெரியாது என்று இங்கே எழுதினால் யாருக்கும் தெரியப்போவதில்லை, ஆனால் தெரியும். பார்க்கும்போதெல்லாம் "ஆச்சுங்களா சார்?" என்பார். நான் "போயிட்டிருக்கு" என்பேன். போய்க்கொண்டிருந்தது உண்மைதான், எலிக்கு. மாமனார் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சொன்னது இது: "கோயில்ல சாமிக்கு வேண்டிக்கிட்டோம், அது பக்கத்து வீட்லயே இருக்குதுன்னு தெரியாம போச்சுங்க."

பெட்டி

ஆராய்ச்சி முடிந்தால் எல்லா எலிகளையும் பெட்டியில் வைத்து, கொல்லும் வாயுவைத் திறந்துவிடுவோம். பிறகு உடம்புக்குள் என்ன ஆயிருக்கிறது என்று அறுத்துப் பார்ப்பார்கள். இது வழக்கம்தான், நானே எத்தனையோ தடவை திறந்திருக்கிறேன். இந்த முறை கட்டி கரைந்த எலியைக் கையில் எடுத்தபோது எடுத்தபடியே நின்றுவிட்டேன். கூட வேலை செய்யும் பசவராஜ் அதை வாங்கி உள்ளே விட்டான். "ஆறினதுக்கும் ஆறாததுக்கும் ஒரே பெட்டிதான் அண்ணா, இன்னைக்குத்தான் தெரியுமா உங்களுக்கு?" என்றான்.

பாக்கி விஷயம்

அன்று சாயங்காலமே கோவிந்தன் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அந்த வைத்தியம் மனிதர்களுக்கு வரப் பல வருடம் ஆகலாம், வராமலும் போகலாம், காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். கோவிந்தன் சுவரைப் பார்த்தார். ஒரு கெட்ட வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சரோஜாதான் பேசினாள்: "எலிக்குன்னு அன்னைக்கே சொன்னீங்க, ஞாபகம் இருக்குது. எனக்கு இல்லேன்னுதான் சொல்லல."

டாக்டர் கேட்டது

நானும் கூடப் போனேன். கட்டி வளர்ந்து அக்குளுக்கும் போயிருந்தது. முதலில் மருந்து ஏற்றிச் சுருக்க வேண்டும், பிறகுதான் ஆபரேஷன் என்றார் டாக்டரம்மா. காப்பாற்றிவிடலாமா என்று கோவிந்தன் கேட்டதற்கு, "முயற்சி பண்ணுவோம்," என்றார். பிறகு பேனாவை மேஜையில் வைத்துவிட்டு, "நாலு மாசமா எங்கம்மா போயிட்டே? யாராவது வேண்டாம்னு சொன்னாங்களா?" என்றார்.

நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். என் பெயரைச் சொல்வாள் என்று கால்விரல்களை மடக்கிக்கொண்டேன். சரோஜா என் பக்கம் திரும்பவே இல்லை. "யாரும் சொல்லலீங்கம்மா, ஊர்ல தோட்ட வேலைங்க, வர முடியல."

பொய் சொன்னவனுக்காவது மன்னிப்புக் கேட்க ஒரு வாக்கியம் இருக்கிறது. முக்கால் உண்மையைச் சொல்லிப் பெரிய மனிதனானவன் எதைக் காட்டி மன்னிப்புக் கேட்பது என்று, சரோஜாவுக்கு மருந்து ஏற்றும் நாட்களில் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.