ரெஜினாவின் இரண்டாவது சைக்கிள்

பொத்தேரியில் ஒரு பெண்கள் விடுதியில் கூட்டித் துடைக்கும் வேலை ரெஜினாவுக்கு. வயது முப்பத்தாறு. வீட்டிலிருந்து விடுதிக்கு இரண்டு கிலோமீட்டர். ஒன்பது வருஷமாக நடைதான். ஷேர் ஆட்டோவில் ஏறலாமே என்று கேட்டால், நடந்தால் உடம்புக்கு நல்லது என்பாள். மனசில் இருந்ததோ ஒரு சைக்கிள்.

அச்சரப்பாக்கத்தில் பதினோராம் வகுப்பு படித்தபோது அரசாங்கம் கொடுத்தது. முன்னால் கூடை, பின்னால் கேரியர். காலமெல்லாம் அடுத்தவர் வயலில் வரப்பு வெட்டிய அப்பாவின் வீட்டில், ஒருவர் பெயரில் எழுதிக் கொடுக்கப்பட்ட முதல் பொருள் அதுதான். மழை நாளில் சைக்கிளை உள்ளே நிறுத்திவிட்டு அதைச் சுற்றித்தான் எல்லோரும் படுப்பார்கள். சீட்டுக்கு அடியில் காம்பஸ் முள்ளால் 'ரெஜி' என்று கீறியிருந்தாள். சிநேகிதி அமிர்தவல்லியைக் கேரியரில் ஏற்றிக்கொண்டு ஒருநாள் மதுராந்தகம் ஏரிக்கரை வரைக்கும் போயே விட்டாள். திரும்பும்போது செயின் கழன்றது. இரண்டு பேரும் கறுத்த கைகளால் ஒருத்தி முகத்தில் ஒருத்தி பூசிக்கொண்டு தள்ளியே வந்தார்கள்.

ரெஜினாவுக்குக் கல்யாணமான பிறகு தம்பி அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டான். போனில் வேறேதோ பேசும்போது நடுவில் சொன்னான்.

அதனால்தான், பழைய சாமான் விற்கும் ஆப்பில் கூடை வைத்த ஊதா சைக்கிளைப் பார்த்ததும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. விளம்பரத்தை அப்படியே படம் பிடித்துச் சபையின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள்: 'இது எனக்குக் கிடைக்க ஜெபித்துக்கொள்ளுங்கள்.' கீழே கூப்பிய கைகளாக வந்து குவிந்தன.

விற்றவன் சைக்கிளோடு ரயில் நிலைய வாசலுக்கு வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. பில் கேட்டாள்.

"பழைய சைக்கிளுக்கு இன்னாக்கா பில்லு? தங்கச்சி படிச்சி முட்ச்சி ஊருக்குப் போயிட்ச்சி."

பூட்டு இருந்த இடத்தில் இரும்பில் அறுத்த கோடு தெரிந்தது. பார்த்தாள். கூடையையும் பார்த்தாள். பணத்தைக் கொடுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து நின்று, இழந்த சைக்கிளைக் கர்த்தர் திருப்பித் தந்தார் என்று சாட்சி சொன்னாள். போதகர் ஹேண்டில்பாரில் கைவைத்து ஜெபித்தார். லோடு வேன் ஓட்டும் புருஷன் ஜெபகுமாருக்கு வழியெல்லாம் சிரிப்பு.

"கர்த்தர் எப்போ ஆன்லைன்ல ஏவாரம் ஆரம்பிச்சாரு? வித்தவன் மூஞ்சியாவது பாத்தியா நீ?"

அந்த வாரம் முழுக்க அவள் காற்றில் போனாள், காற்றில் வந்தாள். விடுதியில் வேலையாட்கள் நுழையும் பின்வாசலில் சைக்கிளை நிறுத்துவாள்.

சனிக்கிழமை மதியம் எண்ணெய் போடுவதற்காகச் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தபோது, சீட்டுக்கு அடியில் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு போன் நம்பர். பக்கத்தில் 'அம்மா'.

விற்றவனுக்குப் போட்டுப் பார்த்தாள். போன் அணைந்து கிடந்தது. ஆப்பில் விளம்பரமும் இல்லை. விடுதியில் ஒரு கம்மல் காணாமல் போனாலே முதலில் பெருக்குகிறவளின் பையைத்தான் திறக்கச் சொல்வார்கள். திருட்டு சைக்கிளோடு அகப்பட்டால் வேலை போகும், பெயரும் போகும். கடைசி எண்ணை நகத்தால் சுரண்டினாள். கொஞ்சம் உதிர்ந்தது. காம்பஸ் முள் ஞாபகம் வந்து கை நின்றுவிட்டது. கர்த்தர் தந்தார் என்று சபையில் வேறு சொல்லியிருந்தாள்.

அந்த நம்பருக்குப் போன் போட்டாள். புது நம்பரைப் பார்த்துப் பதறியது சேலத்திலிருந்து ஒரு குரல்.

"என் பொண்ணுக்கு என்னம்மா ஆச்சு?"

பொண்ணுக்கு ஒன்றுமில்லை, சைக்கிள் கிடைத்திருக்கிறது என்று சொல்லிப் புரியவைக்கக் கொஞ்ச நேரமானது. பெண் பெயர் சுஷ்மிதா. இருப்பது, ரெஜினா தினமும் துடைக்கும் அதே விடுதியின் இரண்டாம் மாடியில்.

தள்ளிக்கொண்டு போகத்தான் நினைத்தாள். தெருமுனை தாண்டியதும் ஏறிவிட்டாள். மெதுவாக மிதித்தாள். பின்னால் கேரியரில் அமிர்தவல்லி இருந்தால் இப்படித்தான் வண்டி கொஞ்சம் கனக்கும். இரண்டு கிலோமீட்டர் இவ்வளவு குட்டை என்று நடந்த ஒன்பது வருஷத்தில் அவளுக்குத் தெரியாது.

வார்டன் சகுந்தலா மேடம் பில்லைக் கேட்டார். இல்லையென்றதும் அவர் பார்வை ரெஜினாவின் முகத்திலிருந்து கைப்பைக்கு இறங்கியது. அப்போதுதான் அவளுக்குச் சபைக் குழு நினைவுக்கு வந்தது. போனை நீட்டினாள். விளம்பரம், விற்றவன் நம்பர், தேதி, அவளுடைய வேண்டுதல், அதன்கீழ் வரிசையாகக் கூப்பிய கைகள். மேடம் கடைசிக் கைவரை தள்ளிப் பார்த்தார். பிறகு, உட்காரச் சொன்னார். போலீஸில் கொடுக்க இது போதும் என்றார்.

சுஷ்மிதா சைக்கிளைச் சுற்றி வந்தாள். சீட்டுக்கு அடியில் விரலை விட்டுத் தடவினாள்.

"என்னோடதுதான்கா. ஆனா இந்தக் கூடை என்னுது இல்ல. அவன் மாட்டியிருக்கான்."

ரெஜினா கூடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் சபைக்கு நடந்து போனார்கள். ஜெபகுமார் கேலி எதுவும் பேசாமல் கூடவே வந்தான். சாட்சி சொல்பவர்கள் எழும்பலாம் என்று போதகர் சொன்னதும், முதல் ஆளாக எழுந்தாள்.

"போன வாரம் நான் சொன்ன சாட்சி இன்னும் முடியல," என்றாள்.